முன்புற வேலியும் மூன்றரை அடி விதியும்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒருவர் தமக்குச் சொந்தமான மனையில், வீட்டுக்கு முன்னால் 5 அடி உயரத்துக்கு வேலி போட்டால் அது விதிமீறல். அந்நகரின் குடியிருப்பு மண்டலங்களில் முன்புற வேலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் உயரம் மூன்றரை அடி, அதாவது 42 அங்குலம். போர்ட்லண்டிலும் அதே அளவுதான். ஆனால் அங்கே வீட்டின் பின்புறத்தில் 8 அடி வரை உயர்த்தலாம். நியூயார்க்கில் முன்புறத்துக்கு 4 அடி. சியாட்டில் நெடுங்காலமாக 6 அடி வரை அனுமதித்து வந்திருக்கிறது. மனை வாங்கியதும் முதல் வேலையாகச் சுற்றுச்சுவர் எழுப்பிப் பழகிய நமக்கு இந்தக் கட்டுப்பாடு விசித்திரமாகத் தோன்றும். அமெரிக்கப் புறநகர்களில் வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களும் இந்தக் கேள்வியைச் சந்திக்கின்றன: என் மனையில் நான் எவ்வளவு உயரத்துக்கு வேலி போடலாம் என்பதை நகராட்சி ஏன் தீர்மானிக்கிறது?

அதற்கு நியாயமான பதில் இருக்கிறது. சிக்கல் தொடங்குவது விதியில் அல்ல, விதிக்குக் கொடுக்கப்படும் விலக்குகளில். யாருக்கு விலக்கு கிடைக்கிறது, யார் கேட்டால் கிடைக்கிறது, கேட்கத் தெரியாதவர் என்ன ஆகிறார் என்பதைப் பார்த்தால்தான் இந்த மூன்றரை அடியின் முழு அர்த்தமும் விளங்கும். முன்புற வேலிக்கு விதி வேண்டும். ஆனால் அதற்கான விலக்கு, மனு போட்டுப் பெறும் சலுகையாக இருக்கக் கூடாது, எல்லோரும் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விதிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேலியற்ற வாசல் எப்படி உருவானது

அமெரிக்கக் குடியிருப்புத் தெருவில் ஒரு வீட்டின் புல்வெளி எங்கே முடிகிறது, அடுத்த வீட்டினுடையது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தோற்றம் தானாக வந்ததல்ல. ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெடும் கால்வெர்ட் வாக்ஸும் 1869இல் சிகாகோவுக்கு அருகே ரிவர்சைடு என்ற புறநகரை வடிவமைத்தபோது, வீடுகள் தெருவிலிருந்து 30 அடி உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்று வகுத்தார்கள். ஊர் முழுவதும் ஒரு பூங்காவைப்போல விரிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அடுத்த ஆண்டே ஃபிராங்க் ஜே. ஸ்காட் புறநகர் வீட்டுத் தோட்டக்கலை பற்றி எழுதிய நூலில், தன் தோட்டத்தின் அழகை அயலார் பார்வையிலிருந்து மறைத்துக்கொள்வது அறத்துக்கே பொருந்தாது என்று வாதிட்டார். வாசலைத் திறந்து வைப்பது நல்ல அண்டைவீட்டாருக்கு அடையாளம் என்ற கருத்து இவ்வாறு வேரூன்றியது.

அக்கருத்து முதலில் சட்டமாகவில்லை. கிரயப் பத்திரத்தில் நிபந்தனையாக நுழைந்தது. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றவர்கள், வீடு எவ்வளவு உள்ளே தள்ளி நிற்க வேண்டும், முன்னால் வேலி வரலாமா என்பதையெல்லாம் பத்திரத்திலேயே எழுதினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளுடன் எழுந்த லெவிட்டவுனில் வேலி போடவே தடை இருந்தது. புல்லை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும் என்றும் நிபந்தனை. அதே லெவிட்டவுனின் ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்ற ஷரத்தும் இருந்தது. இத்தகைய இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் தீர்ப்பளித்தது.

இந்த இரண்டும் ஒரே பத்திரத்தில் இடம்பெற்றதை மறந்துவிடக் கூடாது. தெருவோடு தெருவாகக் கலந்து கிடந்த அந்தப் பசும்புல் பரப்பு எல்லோரையும் வரவேற்கும் வெளியாகத் தோன்றியது. ஆனால் அந்தத் தெருவில் யார் வீடு வாங்கலாம் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. வேலியற்ற வாசலின் அழகைப் போற்றும்போது இதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

நீதிமன்றம் வகுத்த எல்லை

பத்திர நிபந்தனை என்பது வாங்குபவரும் விற்பவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். நகராட்சியே சட்டமாக விதிக்கும்போது வேறு கேள்வி எழுகிறது: இழப்பீடு ஏதும் தராமல் ஒருவருடைய நிலத்தின் ஒரு பகுதியைக் காலியாக விடச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டா?

இதற்கான பதில் 15 ஆண்டுகளில் மூன்று தீர்ப்புகளாக உருவானது. ரிச்மண்ட் நகரில், ஒரு தெருவின் மனைதாரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கேட்டுக்கொண்டால் அத்தெருவுக்குக் கட்டட எல்லைக்கோடு வகுக்கப்பட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 1912இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அண்டைவீட்டார் சிலரின் விருப்பமே மற்றவர் சொத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமாக முடியாது என்பது அதன் சாரம். 1926இல் யூக்ளிட் வழக்கில், ஊரை மண்டலங்களாகப் பிரித்து நிலப்பயன்பாட்டை முறைப்படுத்தும் ஸோனிங் விதிகள் பொதுவாகச் செல்லும் என்று அதே நீதிமன்றம் ஏற்றது.

அடுத்த ஆண்டு வந்த கோரிப் எதிர் ஃபாக்ஸ் வழக்குதான் நம் பொருளுக்கு நெருக்கமானது. வர்ஜீனியாவின் ரோனோக் நகரில், ஒரு வரிசையில் உள்ள வீடுகளில் 60 விழுக்காடு எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கின்றனவோ, அந்த அளவாவது புதிய கட்டடமும் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருந்தது. தெரு ஓரம் வரை கடை கட்ட விரும்பிய ஒருவருக்கு நகர மன்றம் கடை கட்டவே தனி அனுமதி தந்தது. ஆனால் ஏறத்தாழ 35 அடி உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும் என்றது. அவர் வழக்குத் தொடுத்தார். முன்புற வெளி காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இடம் தருகிறது, தெருவின் தூசியையும் இரைச்சலையும் வீட்டிலிருந்து விலக்குகிறது, தெரு முனையில் வாகன ஓட்டிகளின் பார்வையைக் காக்கிறது என்ற நோக்கில் நீதிமன்றம் விதியை உறுதி செய்தது. விலக்கு அளிக்கும் அதிகாரத்தை நகர மன்றம் தன்னிடமே வைத்துக்கொண்டது தவறு என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை.

ஆக, முன்புற வெளி பற்றிய விதி சட்ட அங்கீகாரம் பெற்ற அன்றே விலக்கும் உடன் அங்கீகாரம் பெற்றுவிட்டது. அந்த விலக்கை அண்டைவீட்டார் கையில் கொடுக்கக் கூடாது, பொறுப்புள்ள பொது அமைப்பே ஆராய்ந்து தர வேண்டும் என்பதும் தெளிவாகிவிட்டது. பிற்கால நடைமுறை இந்தத் தெளிவிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

விதி எதை அளக்கிறது

முன்புற வேலி விதியைப் படித்தால் மூன்றரை அடி என்ற எண்ணைவிட, அதை எங்கிருந்து எப்படி அளப்பது என்பதே பெரிய சிக்கல் என்பது புரியும்.

முதலில் எல்லை. அமெரிக்க ஊர்களில் மனையின் எல்லை பெரும்பாலும் நடைபாதையின் விளிம்பில் முடிவதில்லை. சில அடி உள்ளேயே முடிந்துவிடும். இடைப்பட்ட புல்தரை வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றிப் பராமரிப்பதாக இருந்தாலும் பொதுவழிக்குச் சேர்ந்தது. அங்கே வேலி நட்டால் உயரம் எவ்வளவானாலும் ஆக்கிரமிப்புதான். அதற்கு வேறு துறையின் அனுமதி வேண்டும்.

அடுத்தது நிலமட்டம். சரிவான மனையில் தெருப்பக்கமிருந்து அளந்தால் 5 அடி வரும் சுவர், வீட்டுப் பக்கமிருந்து 3 அடியாக இருக்கும். இயற்கையான மட்டத்தையும் மண் நிரப்பிய பின் உள்ள மட்டத்தையும் ஒப்பிட்டு, எது தாழ்வோ அதிலிருந்தே சியாட்டில் அளக்கிறது. மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன்மேல் சுவர் எழுப்பும் தந்திரம் இதனால் பலிக்காது. கூடவே, சரிவில் வேலியை 6 அடி நீளத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சராசரி உயரம் பார்க்கலாம், ஆனால் எந்த இடமும் 8 அடியைத் தாண்டக் கூடாது என்ற சலுகையும் அங்கே உண்டு.

மூலை மனைக்காரரின் பாடு இன்னும் கடினம். இரண்டு தெருக்களைப் பார்த்த மனைக்குப் பல ஊர்களில் இரண்டு முன்புறங்கள். பக்கத்து வீட்டுக்காரர் குழந்தைகள் விளையாட 6 அடி வேலிக்குள் இடம் வைத்திருக்க, மூலை மனைக்காரருக்கு அதே அளவு இடம் மூன்றரை அடி வேலிக்குள்தான். அத்துடன் தெருமுனையில் இரண்டு சாலைகளின் விளிம்புகளையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைகிறார்கள். அதற்குள் வேலியோ புதரோ பார்வையை மறைக்கக் கூடாது. வண்டி வெளியே வரும் பாதையின் இரு பக்கங்களிலும் இதே போன்ற சிறிய முக்கோணங்களைப் பல நகரங்கள் கேட்கின்றன. அமெரிக்கச் சாலைப் பொறியியல் கணக்குகளில் காரோட்டியின் கண்மட்டம் தரையிலிருந்து மூன்றரை அடி. வேலி அதைத் தாண்டாதவரை, பின்னோக்கி வண்டி எடுப்பவரின் பார்வை பெருமளவு தடைபடாது.

மேலும், வேலி எதனால் ஆனது என்பதும் கணக்கில் வருகிறது. முள்கம்பியைக் குடியிருப்புப் பகுதிகளில் பெரும்பாலான நகரங்கள் தடைசெய்கின்றன. ஆனால் கண்ணை முழுதாக மறைக்கும் கற்சுவரையும், ஊடே பார்க்க முடிகிற இரும்புக் கம்பி வேலியையும் பல விதிகள் ஒரே உயரத்தில் நிறுத்திவிடுகின்றன. விதியின் நோக்கம் பார்வையைக் காப்பது என்றால், இரண்டையும் ஒன்றாக நடத்துவதற்குக் காரணமே இல்லை.

விலக்கு கேட்கும் வழிகள்

விதிக்கு உட்படாத வேலி வேண்டுபவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சியாட்டிலின் சரிவு நிலச் சலுகைபோல விதியிலேயே எழுதப்பட்ட விலக்கு முதலாவது. இதற்கு மனு வேண்டாம், விசாரணை வேண்டாம். அளவு பொருந்தினால் போதும்.

இரண்டாவது, அதிகாரியோ வாரியமோ வழக்குக்கு வழக்கு ஆராய்ந்து தரும் அனுமதி. லாஸ் ஏஞ்சலிஸில் மண்டல நிர்வாகி முன்புற வேலியை 8 அடி வரை அனுமதிக்கலாம். இதற்கு மேல் விதித் தளர்வு என்ற முறை உண்டு. ஹெர்பர்ட் ஹூவர் வணிகத் துறைச் செயலராக இருந்தபோது, 1920களில் அத்துறை மாநிலங்களுக்காக ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. விதியை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்தினால் தேவையற்ற இன்னல் விளையுமிடத்தில் வாரியம் தளர்த்தலாம் என்ற வழி அதன் மூலமே நாடெங்கும் பரவியது.

இன்னல் என்றால் என்ன? கலிஃபோர்னியாவின் சட்டம் இதைக் கறாராக வரையறுக்கிறது. மனையின் அளவு, வடிவம், நிலமட்டம், அமைவிடம், சூழல் ஆகியவற்றில் தனித்தன்மை இருந்து, அதனால் அதே மண்டலத்தில் மற்றவர் அனுபவிக்கும் உரிமை இவருக்கு மட்டும் கிடைக்காமல் போனால்தான் தளர்வு தரலாம். தனிச்சலுகையாக அது ஆகிவிடக் கூடாது. டோபாங்கா வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 1974இல் இன்னும் ஒரு படி சென்றது: எந்த ஆதாரத்திலிருந்து எப்படி இந்த முடிவுக்கு வந்தோம் என்பதை வாரியம் எழுத்தில் காட்ட வேண்டும். நியூயார்க் மாநிலச் சட்டம் 1992 முதல் சற்று இளகியது. மனுதாரர் பெறும் நன்மையையும் சுற்றுப்புறம் அடையும் பாதிப்பையும் தராசில் வைத்து, தெருவின் தன்மை மாறுமா, வேறு வழி இருக்கிறதா, கேட்கும் தளர்வு பெரிதா, சூழல் கெடுமா, சிக்கல் மனுதாரர் தாமே வரவழைத்துக்கொண்டதா என்ற ஐந்து கேள்விகளைக் கேட்கிறது.

இங்கேதான் வேலியின் தனிச் சிக்கல் வெளிப்படுகிறது. சட்டம் நிலத்தைப் பற்றிக் கேட்கிறது. வேலி கேட்பவரோ மனிதரைப் பற்றிப் பேசுகிறார். ஓடிவிடும் குழந்தை, நாய், இரண்டு முறை திருட்டுப்போன அனுபவம், எதிரே வந்துவிட்ட நெரிசலான சாலை. இவற்றில் கடைசியைத் தவிர எதுவும் மனையின் குணம் அல்ல. எனவே நேர்மையான தேவையோடு வருபவர் மறுக்கப்படுகிறார், அல்லது அவருடைய தேவை நிலத்தின் மொழியில் ஒப்பனை செய்யப்பட்டு ஏற்கப்படுகிறது. அந்த ஒப்பனைக்கு வழக்கறிஞர் வேண்டும், வரைபடம் வேண்டும், கட்டணம் வேண்டும். கலிஃபோர்னியாவில் பொது விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன்பாவது சுற்றியுள்ள 300 அடிக்குள் இருக்கும் சொத்துக்காரர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஒரு சாதாரண வேலிக்காக இத்தனையும் செய்யக்கூடியவர் யார் என்பதை யூகிப்பது கடினமல்ல.

மூன்றாவது வழி மனிதரை நேரடியாகப் பார்க்கிறது. 1988இல் திருத்தப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதிச் சமவுரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் வீட்டைச் சமமாகப் பயன்படுத்த இயலும்படி விதிகளில் நியாயமான தளர்வு தர வேண்டும் என்கிறது. ஆபத்து உணராமல் வீதிக்கு ஓடிவிடும் ஆட்டிசக் குழந்தையின் பெற்றோர் உயரமான வேலி கேட்பது இந்த வழியில்தான். நிலம் சதுரமாக இருக்கிறதா, சரிவாக இருக்கிறதா என்ற கேள்வி அங்கே எழாது. அந்தக் குழந்தைக்கு இது தேவையா, ஊருக்கு இதனால் தாங்க முடியாத சுமை வருமா என்பதே கேள்வி. தேவை முடிந்ததும் வேலியை இறக்கிவிட வேண்டும் என்று நகரம் நிபந்தனை வைக்கலாம். இந்த நேர்மை மற்ற இரு வழிகளுக்கும் வர வேண்டும்.

புகார் என்னும் அமலாக்கம்

விதி எழுத்தில் எல்லோருக்கும் ஒன்று. அமலாக்கம் அப்படியல்ல. வேலி உயரத்தை அளந்துகொண்டு தெருத்தெருவாகப் போகும் ஆய்வாளர்கள் பெரும்பாலான நகரங்களில் இல்லை. யாராவது புகார் கொடுத்தால் வருவார்கள். பக்கத்து வீட்டு மரக்கிளை, வண்டி நிறுத்துமிடம், இரவு நேர இசை என்று எதிலோ தொடங்கிய மனக்கசப்பு, வேலி பற்றிய புகாராக அலுவலகத்துக்குப் போகிறது. 1912இல் உச்ச நீதிமன்றம் அண்டைவீட்டாரிடமிருந்து பறித்த அதிகாரம், புகார் மனு வடிவில் அவர்களிடமே திரும்பி வந்துவிட்டது.

சாண்டா மோனிகா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 42 அங்குல வரம்பு வேலிக்கும் சுவருக்கும் மட்டுமன்றிச் செடிவேலிக்கும் பொருந்தியது. பல பத்தாண்டுகளாக ஏட்டிலேயே தூங்கிய அந்த விதியை நகரம் 2000களின் தொடக்கத்தில் அமல்படுத்தத் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் வளர்ந்து நின்ற செடிவேலிகளை வெட்டச் சொல்லி வீட்டுக்காரர்களுக்குக் கடிதங்கள் வந்தன. அப்படி எச்சரிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஜான் எஃப். கென்னடியின் மருமகன் முறையான பாபி ஷ்ரைவர். சினந்தெழுந்த அவர் 2004இல் நகர மன்றத் தேர்தலில் நின்று வென்றார். செடிவேலி விதி பின்னர் தளர்த்தப்பட்டது.

ஒரு குடிமகன் அநியாயம் என்று கருதியதை ஜனநாயக வழியில் மாற்றியது பாராட்டத்தக்கது. ஆனால் அந்த வழி எத்தனை பேருக்குத் திறந்திருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். விதியோடு முரண்பட்டவர் பிரபலமானவராக இருந்தால் விதி மாறுகிறது. இல்லையென்றால் வேலி இறங்குகிறது.

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் காட்டும் வழி

நகராட்சியாக அமையாமல் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கும் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் பெரும்பான்மையோர் மெக்சிக்க வம்சாவளியினர். அங்கே தெருவுக்குத் தெரு வீட்டு முன்புறங்கள் இரும்புக் கம்பி வேலிக்குள் இருக்கின்றன. அப்பகுதியில் வளர்ந்து நகரத் திட்டமிடுநரான ஜேம்ஸ் ரோஹாஸ், 1991இல் எம்.ஐ.டி.யில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இந்த வேலிகளைக் கூர்ந்து ஆராய்ந்தார். வெளியிலிருந்து பார்ப்பவர் இவற்றை அச்சத்தின் அடையாளமாக எண்ணலாம். ரோஹாஸ் கண்டது வேறு. வேலி வந்ததும், யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்வெளி குடும்பம் புழங்கும் இடமாகிறது. குழந்தைகள் விளையாடுகிறார்கள், பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள், சிலர் சிறு வியாபாரமும் செய்கிறார்கள். வீட்டின் வாயில் கதவிலிருந்து நடைபாதை ஓரத்துக்கு நகர்ந்துவிடுவதால், போவோர் வருவோருடன் வேலிமேல் சாய்ந்து பேச முடிகிறது.

தெருவில் கண்கள் இருந்தால் பாதுகாப்பு தானாக வரும் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதினார். ஆளே இல்லாத திறந்த புல்வெளியைவிட, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கம்பி வேலி முற்றம் அந்த இலக்கை நன்றாக நிறைவேற்றுகிறது. ஸ்காட் விரும்பிய அண்டை உறவு, அவர் வெறுத்த வேலியின் துணையோடு அங்கே நடக்கிறது.

மாவட்டத்தின் விதி இந்த வழக்கத்துக்கு இடம் தருவதுதான் முக்கியம். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸுக்கென்று வகுத்த தனித் தரநிலைகளில் வழக்கமான மூன்றரை அடிக்கு மேலும் வேலி உயரலாம். ஆனால் அதற்கு மேற்பட்ட பகுதி ஊடே பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். கம்பிகளுக்கு இடையே பலகையோ தகடோ செருகி மறைக்கக் கூடாது. பார்வையைக் காக்கும் பொதுநோக்கமும் தங்கள் வாசலைப் பயன்படுத்த விரும்பிய மக்களின் வழக்கமும் ஒரே ஷரத்தில் இணங்கிப்போகின்றன. அதைப் பெற யாரும் வழக்கறிஞரிடம் போக வேண்டியதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் ஒதுக்கிவிட முடியாது. தெரு முழுக்கக் கம்பி வேலியானால் கூண்டுகளின் வரிசையாகிவிடாதா? ஒவ்வொருவரும் தம் பங்கைப் பூட்டிக்கொண்டால் எல்லோரும் பார்த்து மகிழ்ந்த பச்சை என்னாவது? நியாயமான அச்சம்தான். ஆனால் அதற்கு விடை உயரத்தைக் குறைப்பதில் இல்லை. வேலியை நடைபாதையிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளி, இடையில் செடி வைக்கச் சொல்லலாம். கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று நிர்ணயிக்கலாம். தெருவுக்குத் தெரு தேவைப்படும் தரத்தை அந்தந்தப் பகுதி மக்களோடு பேசி எழுதலாம்.

எழுதப்பட வேண்டிய விலக்கு

இவற்றிலிருந்து நான் பெறும் முடிவுகள் நான்கு. ஒன்று, உயரத்தைவிட மறைப்பை அளக்க வேண்டும்: மூன்றரை அடி வரை எதுவும், அதற்கு மேல் ஊடே தெரிவது மட்டும். இரண்டு, தெருமுனை முக்கோணத்தில் எந்த விலக்கும் கூடாது. அங்கே வேலி பறிக்கக்கூடியது பார்வையை அல்ல, சாலை கடக்கும் ஒரு பிள்ளையின் உயிரை. மூன்று, மூலை மனை, சரிவு நிலம், நெரிசலான சாலை போன்று திரும்பத் திரும்ப வரும் காரணங்களுக்கு மனு கேட்பதை நிறுத்தி, அவற்றை விதியிலேயே எழுதிவிட வேண்டும். ஒரே வகைத் தளர்வை ஒரு வாரியம் ஆண்டுதோறும் தந்துகொண்டிருந்தால், திருத்தப்பட வேண்டியது விதிதான். நான்கு, மனிதத் தேவைக்காகக் கேட்பவரிடம் நிலத்தின் குறையைத் தேடச் சொல்லாமல், அந்தத் தேவையையே கேட்டு, குறைந்த கட்டணத்தில், காலவரையறையோடு அனுமதி தர வேண்டும்.

முன்புற வெளி வீட்டுக்காரருக்குச் சொந்தம். ஆனால் அதன் தோற்றத்திலும் பாதுகாப்பிலும் தெருவுக்குப் பங்குண்டு. ஸோனிங் இதை ஒரு நூற்றாண்டாகச் சரியாகவே சொல்லி வந்திருக்கிறது. அந்தப் பங்கைக் காக்கும் பொறுப்பைப் புகார் கொடுப்பவரிடமும், அதிலிருந்து விலகும் வாய்ப்பைப் பணம் உள்ளவரிடமும் விட்டுவிட்டதுதான் அதன் குறை. நான்கு அடி வேலிக்காக ஒரு குடும்பம் வாரியத்தின் முன் நின்று தன் அச்சங்களை அடுக்க வேண்டியிருந்தால், அந்த விதி இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை என்று பொருள். யாருக்கு எப்போது விலக்கு என்பதை ஒரு சாதாரண வாசகர் படித்தே தெரிந்துகொள்ளும் நாளில்தான் அது எல்லோருக்குமான விதியாகும்.